நாய்ச் சட்டியைப் பற்றி அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களைப் பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அடிக்கடி எழுதுகிறார்கள். நானும் விடாமல் படிக்கிறேன். 36 வருடம் அஞ்சல் துறையில் இருந்தவன் நான். அதில் 11 வருடம் சைக்கிளில் தபால் கொண்டுபோனேன். நாய்க்கடி எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும், இடது கெண்டைக்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் தெருநாயைப் பற்றியது அல்ல. நாம் ஆசையாக வளர்க்கிற வீட்டு நாயின் சட்டியில் என்ன விழுகிறது, அதில் குறை இருந்தால் அதை வளர்ப்பவரிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி எழுதுகிறேன். சொல்லத் தெரியாமல் சொல்லி, ஒரு நல்ல மனிதரின் பேச்சை நான் 3 வாரம் இழந்திருந்தேன்.

பாளையங்கோட்டை மகாராஜநகரில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் இருப்பது கன்னி என்ற நாட்டு வேட்டை இன நாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன், பெயர் மணி. காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு உழவர் சந்தைப் பக்கமாக ஒரு சுற்று நடப்பேன். பக்கத்துத் தெரு அண்ணாச்சியும் அதே நேரத்துக்கு வருவார். என்னைவிட 6 வயது மூத்தவர், கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். அவர் கையில் சீசர் என்ற லாப்ரடார். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன நாய். வயது நாலு. அந்த இனத்தில் வளர்ந்த ஆண் நாய் 29 முதல் 36 கிலோ வரை இருந்தால் சரி. சீசர் 44 கிலோ. சந்தை வாசல் வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவான்.

அவனுக்குக் காலையில் பாலில் ஊறிய இட்லி, மத்தியானம் தயிர்ச்சோறு, சாயங்காலம் அண்ணாச்சி காபி குடிக்கும்போது ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட், ராத்திரி மறுபடியும் தயிர்ச்சோறு. விருந்தாளி வந்தால் அல்வாவில் ஒரு துண்டு. சொந்தத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. சைவ வீடு, முட்டைகூட உள்ளே வராது.

ஒருநாள் பால் பூத் பக்கத்தில், இன்னும் இரண்டு பேர் நிற்கும்போதே நான் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, இப்படியே போட்டீங்கன்னா இவன் ரெண்டு வருசம் தாங்க மாட்டான்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏ தம்பி, நாங்க சாப்பிடுத அதே அரிசி, அதே தயிருதான் அவனுக்கும். எங்க வீட்டுல எச்சிச் சோறு போட்டா வளக்கோம்?" என்றார். சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் நடைக்கு வரும் நேரம் மாறிவிட்டது.

நான் சொன்னதில் விஷயம் தப்பில்லை. ஆனால் சொன்ன இடமும் விதமும் தப்பு. நம்ம ஊரில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வியே சாப்பிட்டாச்சா என்பதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் போய், நீங்கள் போடுகிற சோறு சரியில்லை என்றால், உங்களுக்குப் பாசம் இல்லை என்று சொன்னதாகத்தான் காதில் விழும். இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. சங்கிலியைப் பிடித்து நடப்பது அண்ணாச்சி, ஆனால் சோறு பிசைவது அவர் மனைவி, எங்கள் மதினி. மத்தியான வேலையெல்லாம் முடிந்த பிறகு, கட்டியில்லாமல் கையால் மசித்து, சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து வைப்பவர் அவர். நான் பூத்தில் விட்ட வார்த்தை போய் விழுந்தது அந்தக் கையில். பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். வெளியில் ஆண்கள் நாயின் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொள்வோம். வீட்டுக்குள் அது பெண்களின் தலையில் இன்னொரு வேலையாக ஏறும். நல்ல யோசனை சொல்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

எனக்கும் இப்படி யோசனை சொன்னவர்கள் உண்டு. கன்னி, சிப்பிப்பாறை போன்றவை ஓடுவதற்கென்றே அமைந்த நாய்கள். நல்ல உடம்போடு இருக்கும்போதும் கடைசி இரண்டு மூன்று விலா தெரியத்தான் செய்யும். மணியைப் பார்த்து, "ஏன் சார், இதுக்குச் சோறு போடுறதில்லையா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி இரண்டு நாள் மனதை விட்டுப் போகாது. அது தெரிந்த நானே அண்ணாச்சியிடம் அப்படிப் பேசினேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன்.

3 வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். சீசரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதினி காபி கொடுத்தார்கள். நான் என் முதல் நாயின் கதையைச் சொன்னேன். 1994இல் எங்களிடம் ராமு என்று ஒரு கன்னிக் குட்டி இருந்தது. அப்போது நான் தபால் கொடுக்கும் பாதையில் ஒரு கறிக்கடை உண்டு. அங்கே தினமும் ஈரலும் நுரையீரலும் வாங்கி வேகவைத்துச் சோற்றோடு போடுவேன். எலும்பு குத்திவிடும் என்று பயந்து, எலும்பே இல்லாமல் பார்த்துப் பார்த்து வாங்குவேன். இவனைப்போல் ராஜ சாப்பாடு சாப்பிடும் நாய் பாளையங்கோட்டையிலேயே கிடையாது என்று பெருமைப்பட்டேன். ஐந்தாவது மாதத்தில் அவன் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. கறியில் பாஸ்பரஸ் நிறைய உண்டு, கால்சியம் மிகவும் குறைவு. இரண்டும் சமனில்லாமல் போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். அதற்குப் பிறகு மருந்து கொடுத்து வலி போனது, வளைவு போகவில்லை. ராமு 9 வருடம் இருந்தான். ஓடுவதற்கென்று பிறந்தவன் ஒருநாளும் சரியாக ஓடியதில்லை. நான் ஆசையாகப் போட்ட சாப்பாடுதான் அதற்குக் காரணம்.

இதைச் சொல்லி முடித்ததும் மதினிதான் கேட்டார்கள், "அப்ப நம்ம சீசருக்கும் ஏதாவது குறையிருக்குமோ தம்பி?" என்று. நான் பதில் சொல்லவில்லை. "சனிக்கிழமை மணிக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறேன். அண்ணாச்சியும் இவனைக் கூட்டிட்டு வரட்டும், எடை போட்டுப் பாத்துருவோம்" என்றேன்.

அங்கே மருத்துவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்து முதலில் மணியின் விலாவில் வைத்தார், அப்புறம் சீசரின் விலாவில் வைத்தார். அழுத்தாமல் தடவினாலே விரலுக்கு விலா தட்டுப்பட வேண்டும். சீசரிடம் அழுத்தினாலும் தட்டுப்படவில்லை. பிறகு கணக்குச் சொன்னார். சோற்றில் இருக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவதில் புரதம் 8, 9 சதவீதம்தான். நாய்த் தீவனத்துக்கு அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம் வகுத்த அளவு, அதே கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5. தயிர் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் முழுக்கக் கட்டாது. 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டிலோ ஏறத்தாழ 450 கலோரி. அண்ணாச்சி வாழ்நாள் முழுக்க வரவு செலவு எழுதியவர். அவருக்கு அந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டது. "அப்ப வேண்டியது குறைச்சல், வேண்டாதது கூடுதலா?" என்று அவரே கேட்டார். நான் பூத்தில் கத்தி ஆகாதது, அந்த மேசைப் பக்கம் நின்று அவர் வாயாலேயே வந்தது.

சைவ வீட்டில் என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. இதில் நாய் வேறு, பூனை வேறு என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாரின் என்ற சத்து பூனைக்கு இயற்கையில் கறி, மீனிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். நாய் அப்படியில்லை, சோற்றையும் மாவுப் பண்டத்தையும் அது நன்றாகச் செரிக்கும். பருப்பு, சோயா, பன்னீர், தயிர் என்று மருத்துவர் போட்டுத்தரும் அளவில் கொடுத்து, சத்துப் பொடியும் சேர்த்தால் சைவச் சாப்பாட்டிலும் நாயை வளர்க்க முடியும். ஆனால் அது கண்ணளவில் செய்கிற வேலை இல்லை, தினமும் அளந்து செய்ய வேண்டியது. மதினிக்கு 67 வயது, மூட்டு வலி வேறு. அதனால் மருத்துவர் எல்லாச் சத்தும் சரியாகச் சேர்ந்த கடைத் தீவனத்தை எழுதிக்கொடுத்தார். அதில் கோழிக்கறித் தூள் உண்டு என்பதை நானே மதினியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "அவன் பொறப்பு அப்படி. அவனுக்குள்ளத அவன் திங்கட்டும். நம்ம அடுப்புல ஏறாம இருந்தாச் சரி."

தீவன டின் இப்போது ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. அளக்க ஒரு பழைய எவர்சில்வர் டம்ளர். பழைய சாப்பாட்டைக் குறைத்து, புதியதைக் கூட்டி, 10 நாளில் மாற்றினார்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கலங்கிப்போகும். மத்தியானம் மட்டும் ஒரு கைப்பிடி தயிர்ச்சோறு இன்னும் உண்டு, மதினி கையால் பிசைந்தது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் நான் தனியாகக் கேட்டுக்கொண்டேன், அவரும் ஒப்புக்கொண்டு அதைக் கணக்கில் சேர்த்துவிட்டார். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு, காரட். எங்கள் வீட்டில் மணிக்கு முட்டை வேகும்போது சீசருக்கும் ஒன்று சேர்த்து வேகும், அவன் எங்கள் வாசலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். 7 மாதத்தில் 37.5 கிலோவுக்கு வந்திருக்கிறான். சந்தை வாசல் வரை உட்காராமல் நடக்கிறான்.

எல்லோராலும் கடைத் தீவனம் வாங்க முடியாது, வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. மணிக்கு வீட்டுச் சாப்பாடுதான். அவன் 20 கிலோ. இரண்டு வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அளவுக்கு வேகவைத்த கோழியோ சாளை மீனோ, ஒரு முட்டை, இரண்டு டம்ளர் சோறு, பூசணியோ காரட்டோ கொஞ்சம், மருத்துவர் சொன்ன அளவில் சத்துப் பொடி. உப்பு, மிளகாய், புளி எதுவும் கிடையாது. சாளை மலிவாக வரும் காலத்தில் குக்கரில் நன்றாக வேகவைத்தால் முள்ளும் பொடிந்துவிடும், கால்சியமும் சேரும். கருவாடு வேண்டாம், உப்பு. கோழி எலும்பை வேகவைத்துப் போடவே கூடாது, அது கூராக உடைந்து குடலில் குத்தும்.

எங்கள் தாத்தா காலத்து நாய் வெறும் கூழ் குடித்துத்தானே வளர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கும் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அப்போது நான் கவுன்டரில் இருந்தேன். தபால்தலை வாங்க வந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்து, "இதுக்கு நாங்க கம்பங்கூழுதான் ஊத்துவோம்" என்றார். உண்மைதான். ஆனால் அந்த நாய் கூழ் மட்டுமா சாப்பிட்டது? காட்டுக்குப் போய் முயல் பிடித்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு. வயலில் எலி, கோழி அறுத்த குடல், மீன் தலை என்று அதுவே தேடிக்கொண்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம், அது நிற்க வேண்டியதுதான். வேட்டை நின்றது, நாயும் கம்பிக் கேட்டுக்குள் வந்துவிட்டது. கூழ் மட்டும் மிஞ்சியது. நாம் எடுத்துவிட்ட அந்தப் பங்கை நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படிச் சொன்னால் தாத்தாவைக் குறை சொன்ன மாதிரியும் ஆகாது. முட்டை போட்டால் முடி கொட்டும், கறி போட்டால் மூர்க்கமாகிவிடும் என்ற பயமும் நம்மிடம் உண்டு. புரதம் குறைந்தால்தான் முடி மங்கிக் கொட்டும்.

சில விஷயங்களில் நயம் பார்க்க நேரம் இல்லை, உடனே சொல்லிவிட வேண்டும். அதில் முதலாவது வெங்காயம். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் தன் நாட்டு நாய்க்குத் தினம் ராத்திரி புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றுவார். சால்னாவில் பாதி வெங்காயம்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. 10 கிலோ நாய்க்கு ஒரே தடவையில் 50 கிராம் வெங்காயம் போனாலே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேர்ந்து கெடுக்கும். அவரிடம் இவ்வளவு பேசவில்லை. "தம்பி, புரோட்டா உங்க இஷ்டம், சால்னாவை மட்டும் ஊத்தாதீங்க, வெங்காயம் நாய்க்கு விஷம்" என்று தனியாக நிறுத்திச் சொன்னேன். அன்றைக்கே நிறுத்திவிட்டார். இப்போது கடையில் அவித்த முட்டை ஒன்று வாங்கிப் போகிறார். அண்ணாச்சி வீட்டுச் சொதியிலும் இதே வெங்காயமும் பூண்டும்தான் இருந்தன.

பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. கோயில் புளியோதரை மிச்சத்தை நாய்க்கு வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சாக்லேட்டும் ஆகாது.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பெரிய மூட்டையைப் பிரித்துவைத்து, கிலோக் கணக்கில் நாய்த் தீவனத்தைச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வாங்குபவருக்கு அது குட்டிக்கா பெரிய நாய்க்கா, எந்த மாதம் வரை நல்லது, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. திறந்து கிடந்தால் கொழுப்புக் கெட்டு நாறும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். தீவனத்தில் சேரும் மக்காச்சோளத்தில் வளரும் சில பூஞ்சைகளின் நஞ்சு நாயின் ஈரலைத் தாக்கும். அப்படி வாங்கிய தீவனத்தில் மணிக்கு ஒரு தடவை 4 நாள் வயிற்றுப்போக்கு வந்தது. ஏழைக்கும் அளவாக வாங்க வழி வேண்டும் என்பது சரிதான். அதற்குச் சிறிய பாக்கெட்டுகள் இருக்கின்றன. அப்புறம், பெரிய இனக் குட்டிகளுக்கு நல்ல தீவனமும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறார்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் எலும்பு கெடும். மருத்துவர் எழுதாமல் அதை ஊற்ற வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தன்றும், செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தன்றும் கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு நீண்ட வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசை ஓரத்தில் தமிழில் ஒரு பலகை வைக்கலாம். எந்த வயது நாய்க்கு என்ன, எது ஆகாது, விலாவைத் தடவிப் பார்ப்பது எப்படி என்று படத்தோடு எழுதினால் போதும். ஓர் எடை மேடையும் போட்டால் இன்னும் நல்லது. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, வரிசையில் நிற்கும்போது அவரவரே படித்துக்கொள்வார்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் முகாமுக்கு வந்து பக்கத்தில் நின்று பேசினால், சோறு பிசைகிற பெண்களும் கூச்சமில்லாமல் கேட்பார்கள். மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்கு இது போய்ச் சேர இந்தக் கடிதத்தை வெளியிட்டு உதவ வேண்டும். முடிந்தால் வாரம் ஒரு கேள்விக்கு ஒரு கால்நடை மருத்துவர் பதில் சொல்லும் சிறு இடம் ஒன்றை உங்கள் பத்திரிகையில் ஒதுக்குங்கள். முதல் கேள்வியை அண்ணாச்சி இப்போதே எழுதி வைத்திருக்கிறார்: சீசருக்கு வயது கூடக் கூட டம்ளர் அளவைக் குறைக்க வேண்டுமா என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மகாராஜநகர், பாளையங்கோட்டை.